கீழ் எல்லைக்கோடு

மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி
முந்நூறு அடியில் எங்கள் பால் குளிரூட்டும் நிலையம்.
ஒரு கால் தமிழ்நாட்டிலும்
மறுகால் கேரளத்திலுமாக நின்று
பீடி பற்றவைப்பான் லாரிக்காரன் செவந்தியப்பன்.
எனக்குச் சம்பளம் தரும் எல்லைகள் வேறு.
கணினித் திரையில் இரண்டு சிவப்புக் கோடுகள்,
மேலே 8.58, கீழே 8.38.
நடுவில் நாற்பத்தாறு சங்கங்களின் பால்
புள்ளி புள்ளியாக நடந்து போகும்.

புள்ளிகள் குடிகாரனைப் போல ஆடினால்
எனக்குத் தூக்கம் வரும்.
மாடு மாறும், மழை மாறும், பருத்திக்கொட்டை விலை மாறும்,
கேன் தூக்குகிறவன் கையும் ஒரு நாள்போல் இராது.
ஒரே பக்கம் சாய்ந்து
ஒழுங்காக நடக்கத் தொடங்கினால்தான்
வயிற்றைக் கலக்கும்.

மூங்கில்பள்ளம் சங்கத்தின் புள்ளி
சித்திரைக் கடைசியிலிருந்து கோட்டுக்குக் கீழே.
8.32.
8.33.
8.32.
எட்டு கேன், முந்நூற்றிருபது லிட்டர்,
தினமும் அதே குறை.

ரெஜிமோன் சார் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.
"வெள்ளம் சேர்த்திட்டுண்டு."
எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால்
ஆடு மாடு அடித்துக்கொண்டு போக வேண்டும்.
அவர் பேச்சில் ஒரு சொம்பு போதும்.
லிட்டருக்கு இரண்டு ரூபாய் பிடித்தம்.
கணினி தானாகவே கழித்துக்கொண்டது.

இருபதாம் நாளோ என்னவோ
மயிலாத்தாள் லாரியில் ஏறி
கேனைக் கட்டிப்பிடித்தபடி வந்திறங்கினாள்.
"என் கண்ணு முன்னால இதைப் பாருங்க."
ஒரு கேனை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன்.
புள்ளியியலில் அது சரி.
"என்னைப் பாக்காம இருபது நாளா
சொல்ல மட்டும் முடியுதாக்கும்?"
அதற்குப் பாடப்புத்தகத்தில் என்ன பதில் என்று
யோசிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

பிறகு ஒரு ஹர்த்தால்.
யார் அறிவித்தார்கள், எதற்கு என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
கொழிஞ்சாம்பாறைப் பக்கம் டயர் எரிய,
செவந்தியப்பன் வழியைத் தலைகீழாக்கினான்.
எப்போதும் கடைசியில் ஏறும் மூங்கில்பள்ளம்
அன்றைக்கு முதலில் ஏறியது,
அதனால் கடைசியில் இறங்கியது.

மூங்கில்பள்ளம் 8.48.
கோட்டைப்பதி 8.31.

கோட்டைப்பதியை யாரும் சந்தேகித்ததில்லை.
அங்கே செயலாளர் ரெஜிமோன் சாரின் மச்சினர்.

அட்டவணையில் இல்லாத ஒரு பத்தியைச் சேர்த்தேன்,
'இறக்கிய வரிசை'.
பழைய லாரிச் சீட்டுகளைத் தோண்டி
ஒவ்வொன்றாக நிரப்பினேன்.
நாற்பத்தோரு நாள்.
நாற்பத்தொன்றிலும் மூங்கில்பள்ளத்துக்கு நேரே
ஒன்று, ஒன்று, ஒன்று.

மறுநாள் விடியுமுன், முதல் கேன் சாயுமுன்,
வாளியோடு போய்க் குழாய் மூட்டைக் கழற்றினேன்.
ராத்திரி கழுவிவிட்ட தண்ணீர்
வளைவில் படுத்துக் கிடந்தது.
லேசாக வெளுத்து, சோடாக்கார வாசனையோடு.
ஆறு லிட்டர் நூறு மில்லி.
நம்பாமல் இன்னொரு முறையும் அளந்தேன்.
ரெஜிமோன் சார் வாளிக்குள் எட்டிப் பார்த்து
ஒன்றும் சொல்லவில்லை.
எந்தப் பாஷையிலும்.

இருபத்தாறாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.
கழிக்கத் தெரிந்த மென்பொருளில்
திருப்பித் தரப் பொத்தான் இல்லை.
கையால் எழுதிய கடிதம்
திருவனந்தபுரம் போயிருக்கிறது.
மூன்று வாரமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

மயிலாத்தாளுக்கு போன் செய்து சொன்னேன்.
மாடு கத்துவது கேட்டது, கொஞ்ச நேரம் அதுதான்.
"அப்ப உங்க குழாய்க்கு
யாரு பிடித்தம் போடுவாங்க?"

இப்போது குழாய்க்கும் ஒரு வரைபடம் உண்டு.
கோடுகள் இன்னும் போடவில்லை,
அதற்கு இருபத்தைந்து நாளாவது வேண்டும்.
புள்ளி ஒன்றுதான் இருக்கிறது.
6.1